பதினொன்றாவது வரி

இதை நம்பச் சொல்லி உங்களைக் கெஞ்சப் போவதில்லை. நீங்கள் நம்பாமல் போனால் எனக்குத்தான் நல்லது. ஆனால் நடந்தது. ஒரு சனிக்கிழமை, பட்டப்பகலில், மதியம் 2:06 முதல் 4:10 வரை. நேரத்தை எப்படி இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். எல்லாம் திரையில் பதிவாகியிருந்தது. இரண்டு வருடம் ஆகியும் ஒரு நிமிடம்கூட எனக்கு மறக்கவில்லை.

பேய் என்றால் இருட்டும் மழையும் நாய் ஊளையும் வேண்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அன்று ஜன்னல் வழியாக வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, நடுவில் ஒரு வக்கீல் ஆபீஸ், மூன்றாவது மாடியில் நாங்கள். எட்டு மேஜை, எட்டுப் பேர், முதலாளி தனி. ரத்த வங்கிகளிலும் மருந்துக் கிடங்குகளிலும் குளிர் அறைகள் இருக்கும் அல்லவா, அவற்றைக் கண்காணிக்கும் புரோகிராம் எங்களுடையது. அறை சூடானால் மணி அடிக்க வேண்டும். மொத்தத்தில் அவ்வளவுதான் எங்கள் வேலை.

ஆபீஸில் எனக்கு 'அளவுகோல்' என்று பெயர். மேஜையில் பேனா கோணலாக இருந்தால்கூட எனக்குக் கை பரபரக்கும். செருப்பை நேராகக் கழற்றிவிடவில்லை என்று என் கணவரோடு ஒரு முழு நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். அப்படி ஒரு பிறவி.

எனக்கு எதிர் மேஜையில் இருந்தவர் 'கமெண்ட் அண்ணன்'. ஐம்பதைத் தாண்டியவர். பத்து வரி புரோகிராம் எழுதினால் இருபது வரி கமெண்ட் எழுதுவார். கமெண்ட் என்பது மெஷின் கண்டுகொள்ளாத, மனிதர்கள் படிப்பதற்கான குறிப்பு. அவர் எழுதுகிற எல்லாக் குறிப்பும் 'கவனிக்க' என்றுதான் ஆரம்பிக்கும். 'கவனிக்க: இந்த இடத்தில் எனக்கே கொஞ்சம் சந்தேகம்' என்றுகூட ஒரு முறை எழுதியிருந்தார். விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும் சேர்ந்து சிரித்தார். இன்னொரு பழக்கமும் உண்டு. கீபோர்டில் ஸ்பேஸ் பாரைக் கட்டைவிரலால் ஓங்கிக் குத்துவார். டொக். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு டொக்.

"அண்ணா, அந்தக் கீபோர்டு என்ன பாவம் பண்ணுச்சு?"

"அதுக்கு உறைக்கணும்ல?"

நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இப்போது என் லட்சணத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் சில வரிகள் இருக்கும். 'எனக்கு இது வேண்டும், அது வேண்டும்' என்று மற்ற ஃபைல்களைக் கூப்பிடும் வரிகள். இம்போர்ட் என்போம். எங்கள் ஆட்கள் அதை இஷ்டத்துக்கு எழுதிவைத்திருந்தார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். லிண்டர் என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. குறை கண்டுபிடிப்பதே அதன் பிழைப்பு. என் மாமியாருக்கும் அதற்கும் ஆறு வித்தியாசம் கூடத் தேறாது என்று சொல்வேன். அவர் காதுபடவே சொல்லியிருக்கிறேன், சிரிப்பார். அந்த லிண்டரை அவிழ்த்துவிட்டால் எல்லா இம்போர்ட் வரிகளையும் தானாகவே அகரவரிசையில் அடுக்கிவிடும். முதலாளியிடம் அனுமதி வாங்கினேன்.

ஒரு வாரம் முன்பே எல்லோருக்கும் சொன்னேன். "எடம் மாத்தக் கூடாத வரி ஏதாவது இருந்தா, மேல 'தொடாதே'ன்னு குறி போட்டு வெச்சுடுங்க. லிண்டர் அதை விட்டுடும்."

போட்டார்கள். நாற்பத்து மூன்று இடத்தில். அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பாதிக்கு மேல் சோம்பேறித்தனம், எனக்குத் தெரியாதா? விதி என்றால் எல்லோருக்கும் விதி என்று, ஒரே கட்டளையில் அத்தனை குறிகளையும் துடைத்தேன். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்திருந்தால் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பார்க்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை, யாரும் கவனிக்கவும் இல்லை. அப்புறம் லிண்டரை ஓட்டினேன். ஆயிரத்து நூற்று நாற்பது ஃபைல், ஒன்பது நொடி. எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

கடைசியாக ஒரு வேலை செய்தேன். எந்த வரியை யார் எழுதினார்கள் என்று காட்ட எங்கள் தொழிலில் ஒரு கட்டளை உண்டு. அதற்குப் பெயர் 'பிளேம்'. பழி போடுவது என்றே பெயர் வைத்திருக்கிறார்கள் புண்ணியவான்கள். இப்படி மொத்தமாக அடுக்கினால் எல்லா வரியிலும் அடுக்கினவர் பெயர் வந்துவிடும் அல்லவா? அது வராமல் இருக்க ஒரு விலக்குப் பட்டியல் வைத்திருப்போம். என் மாற்றத்தை அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டால், பிளேம் அதைத் தாண்டிப் போய், வரியை முதலில் எழுதினவர் பெயரையே காட்டும். எல்லா ஆபீஸிலும் செய்வதுதான். அதில் தப்பு இல்லை. நானும் சேர்த்தேன். அந்த நிமிடத்தில் என் மனதில் கள்ளம் எதுவும் இல்லை, சத்தியமாக.

பதினொரு நாள் கழித்து ஒரு ரத்த வங்கியின் குளிர் அறை பழுதானது. மணி அடிக்கவில்லை. ஆறு மணி நேரம் யாருக்கும் தெரியவில்லை. இருநூற்றுப் பதினான்கு பை ரத்தம். அத்தனையும் குப்பைக்குப் போனது.

காரணம் ஒரே ஒரு இம்போர்ட் வரி. அந்த வரிதான் மணியை எழுப்பிவிடும். மற்ற வரிகள் மணி விழித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். விழித்திருக்கவில்லை என்றால் 'இங்கே மணியே இல்லை' என்று முடிவு கட்டிச் சும்மா இருந்துவிடும். அதனால் அது முதலில் இருந்தே ஆக வேண்டும். இப்போது அது பதினொன்றாவது இடத்தில் இருந்தது. அகரவரிசையில் அதன் இடம் அதுதான்.

முதலாளி எல்லோர் முன்னாலும் அந்த ஃபைலைத் திறந்து பிளேம் போட்டார். பதினொன்றாவது வரிக்கு நேரே கமெண்ட் அண்ணன் பெயர்.

"நீங்கதானே எழுதினீங்க?"

"நான்தான்... ஆனா நான் அதை மொதல்ல வெச்சிருந்தேனே. மேல குறிகூடப் போட்டேன்."

"குறி எங்க?"

குறி எங்கே இருக்கும்? நான்தான் துடைத்துவிட்டேனே. அந்தக் குறியோடு ஒட்டி அதே வரியில் 'கவனிக்க' என்று அவர் எழுதிவைத்ததும் சேர்ந்து போயிருந்தது. அவர் என் பக்கம் திரும்பினார். சந்தேகத்தோடு இல்லை. ஆதரவுக்கு.

"நீ சொல்லும்மா. நான் குறி போட்டேன்ல? உங்கிட்டகூடச் சொன்னேனே?"

சொல்லியிருந்தார். தேநீர் குடிக்கும்போது சொல்லியிருந்தார். எட்டுப் பேர் என்னையே பார்த்தார்கள்.

"ஞாபகம் இல்லண்ணா."

அதன்பிறகு அவர் வாதாடவே இல்லை. வாதாடியிருந்தால் பரவாயில்லை. பழைய பதிவுகளைத் தோண்ட அரை மணி நேரம் போதும், குட்டு வெளிப்பட்டிருக்கும். அதற்குப் பதில் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "போடலையோ... நெனச்சுட்டே விட்டுட்டேனோ..." என்று தனக்குத்தானே பேசினார். அவருடைய அப்பா கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளையையே யார் என்று கேட்டவர். தனக்கும் அது வந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு நெடுநாளாக உண்டு. எங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அன்று சாயங்காலமே அவரை அனுப்பிவிட்டார்கள். போகும்போது என் மேஜையருகே நின்று, "மறதி வந்துடுச்சும்மா எனக்கு. நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காதே" என்றார்.

என்னிடம். அதை அவர் என்னிடம் சொன்னார்.

ஏழு மாதம் போனது. அவருக்கு நான் ஒரு போன்கூடச் செய்யவில்லை. புதிதாக வந்தவர் புரோகிராமை மாற்றி எழுதிவிட்டார். எந்த வரி எங்கே இருந்தாலும் இனி மணி அடிக்கும். பதினொன்றாவது வரி பதினொன்றிலேயே இருந்தது. அந்த ஃபைலை நான் திறப்பதே இல்லை.

அந்தச் சனிக்கிழமை லிண்டரின் புது வெர்ஷனை ஓட்ட வேண்டியிருந்தது. மொத்த ஃபைல்களையும் தொடும்போது வேறு யார் கையும் உள்ளே இருக்கக் கூடாது. அதனால் இந்த வேலையை லீவு நாளில்தான் செய்வோம். 1:40க்கு வாட்ச்மேனிடம் சாவி வாங்கினேன்.

"லீவு நாள்லயுமா?"

"எல்லாரும் இருந்தா இந்த வேலை நடக்காதுங்க."

மாடியில் நான் மட்டும். ஏசியைப் போட்டேன். கொண்டுவந்த வாழைப்பழத்தைத் தின்றேன். மணி 2:06. லிண்டரை ஓட்டினேன். முப்பத்தெட்டு ஃபைல் சரிசெய்யப்பட்டது என்றது. வழக்கப்படி இன்னொரு முறை ஓட்டினேன். அடுக்கினதையே மறுபடி அடுக்கச் சொன்னால் வேலை எதுவும் இருக்காது. பூஜ்யம் என்றுதான் வர வேண்டும்.

ஒன்று என்று வந்தது.

புது வெர்ஷனில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். திரும்ப ஓட்டினேன். ஒன்று. இன்னொரு முறை. ஒன்று. எந்த ஃபைல் என்று பார்த்தேன்.

அந்த ஃபைல்தான். திறந்தேன். பதினொன்றாவது வரி முதல் இடத்தில் இருந்தது.

கண்ணைத் தேய்த்துக்கொண்டேன். லிண்டரை ஓட்டினேன். வரி இறங்கிப் பதினொன்றுக்குப் போனது. என் கண் முன்னால்தான் போனது. ஃபைலை மூடினேன். ஒரு நிமிடம் சும்மா இருந்தேன். திறந்தேன்.

முதல் இடத்தில் இருந்தது.

மணி 2:19. யாரோ வீட்டிலிருந்து விளையாடுகிறார்கள் என்றே முடிவு செய்தேன். மாற்றினது யார் என்று பார்த்தேன். என் பெயர். என் மெஷின். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. குனிந்து நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிப் போட்டேன். இப்போது வா பார்க்கலாம் என்று வாய்விட்டே சொன்னேன். லிண்டரை ஓட்டினேன். வரி இறங்கியது. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

2:31.

டொக்.

ஏசி என்று நினைத்தேன்.

டொக்... டொக்.

ஏசி இல்லை. எனக்குத் தெரிந்த சத்தம். ஆறு வருடம் எதிர் மேஜையில் கேட்ட சத்தம்.

எதிர் மேஜையில் இப்போது பிரிண்டர்தான் இருந்தது. அது அணைந்திருந்தது. சத்தம் அங்கிருந்து வரவில்லை. சுவரோரம் இருந்த இரும்பு அலமாரிக்குள் இருந்து வந்தது. அவர் போன அன்றே அவருடைய கீபோர்டைக் கழற்றி அதில்தான் போட்டோம். போட்டது நான்தான்.

எழுந்து போனேன். எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. கதவைத் திறந்தேன். பழைய வயர்கள், காலி அட்டைப் பெட்டி, மேல் தட்டில் கீபோர்டு. வயர் அதன்மேலேயே சுற்றியபடி இருந்தது. எதோடும் இணைக்கப்படவில்லை. ஏழு மாதத் தூசி, விரல் வைத்தால் தடம் விழும் அளவுக்கு.

ஸ்பேஸ் பாரில் மட்டும் தூசி இல்லை.

கதவைச் சாத்தினேன். நாற்காலிக்குத் திரும்பினேன். ஃபைலின் தலையில் புதிதாக ஒரு வரி இருந்தது. நான் துடைத்த அதே குறி. 'தொடாதே.' அதன் பக்கத்தில் கமெண்ட்.

'கவனிக்க: இந்த வரியை நான் கீழே இறக்கவில்லை. இறக்கினேனா?'

ஓடியிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. கீழே வாட்ச்மேன் இருந்தார், தெரு நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஆனால் திங்கட்கிழமை எட்டுப் பேர் வந்து அந்த ஃபைலைத் திறப்பார்கள். அந்தக் கேள்வியைப் படிப்பார்கள். எனக்குப் பேயைவிட அதுதான் பயம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதனால்தான் உட்கார்ந்திருந்தேன்.

அழித்தேன். வந்தது.

அழித்தேன். வந்தது.

3:05க்கு என் கணவர் போன் செய்தார்.

"எப்ப வர்ற?"

"இதோ... கொஞ்ச நேரம்."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? யாரு கூட இருக்கா?"

"யாரும் இல்லை. நான் மட்டும்தான்."

"அளவுகோலம்மா, சும்மா சொல்லாதே. பக்கத்துல யாரோ போட்டுக் குத்து குத்துன்னு டைப் அடிக்கிறாங்களே..."

போனை வைத்துவிட்டேன். அந்த நேரத்தில் எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அவருக்குத்தான் கேட்டது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கமெண்ட் அண்ணன் அப்போது சாகவில்லை. வீட்டில் இருக்கிறார், வெளியே வருவதில்லை என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். செத்தவர் வந்தால் பேய். உயிரோடு இருப்பவர் வந்தால் அதற்கு என்ன பெயர்? எனக்கு அதுதான் புரியவில்லை.

3:22. 'கவனிக்க: குறி போட்டதாக ஞாபகம். போட்டேனா?'

அழித்தேன்.

3:34. 'கவனிக்க: டாக்டர் மறதி இல்லை என்கிறார். திரையில் என் பெயர் இருக்கிறதே.'

அழித்தேன்.

3:41. 'கவனிக்க: யாரும் பதில் சொல்வதில்லை.'

அழிக்கக் கை வரவில்லை.

டொக்... டொக்...

இப்போது அலமாரியில் இல்லை.

எனக்குப் பின்னால்.

திரும்பவில்லை.

டொக்.

என் நாற்காலியின் முதுகு மெல்ல அழுந்தியது. யாரோ கை ஊன்றி, என் தோளுக்கு மேலாகத் திரையைப் படிப்பதுபோல...

3:49.

'கவனிக்க: எனக்குப் பைத்தியமா? ஒரே ஒரு பதில் போதும்.'

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பயத்தில் இல்லை. ஐயோ, அந்த மனிதரை என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று வந்த அழுகை. எழுத்து சரியாகத் தெரியவில்லை. அந்தக் கமெண்ட்டுக்குக் கீழேயே அடித்தேன்.

'இல்லை அண்ணா. உங்களுக்கு மறதி இல்லை. நீங்கள் குறி போட்டீர்கள். அதைத் துடைத்தது நான். வரியை இறக்கினதும் நான்.'

சேமித்தேன். மணி 3:52.

சத்தம் நின்றது.

நாற்காலி முதுகு இலேசானது.

ஏசியின் இரைச்சல் மட்டும். தெருவில் ஒரு ஸ்கூட்டர் ஹாரன். மேஜையில் தலையை வைத்து அழுது தீர்த்தேன். ஏழு மாதத்தில் முதல் முறையாக மூச்சு முழுசாக வந்தது. திங்கட்கிழமை எல்லோரும் படிக்கட்டும் என்று நினைத்தேன். மெய்யாகவே நினைத்தேன். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் அப்படியே இருந்திருப்பேன்.

அப்புறம் மூக்கைச் சிந்திக்கொண்டு நிமிர்ந்தேன். என் வரிகளை ஒருமுறை படித்தேன். முதலாளி அதைப் படிக்கிற முகம் கண்ணில் வந்தது. எட்டுப் பேர் திரும்பி என்னைப் பார்ப்பது வந்தது. 'அளவுகோல்' என்று இனி எந்தக் குரலில் கூப்பிடுவார்கள் என்று தோன்றியது. என் கணவர், மாமியார், அவர்களிடம் என்னவென்று சொல்வது?

அண்ணனுக்குத்தான் பதில் சொல்லிவிட்டேனே. அவர் கேட்டார், நான் சொன்னேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. அது போதாதா? மற்றவர்களுக்கு எதற்கு?

இப்படித்தான் என் மனது எனக்குச் சொன்னது.

4:10.

மொத்தத்தையும் தேர்ந்தெடுத்தேன். அழித்தேன்.

ஏதாவது நடக்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. லிண்டரை ஓட்டினேன். வரி இறங்கியது. இன்னொரு முறை ஓட்டினேன். பூஜ்யம். ஃபைலைத் திறந்தேன். பதினொன்றில் இருந்தது. மூடித் திறந்தேன். பதினொன்றிலேயே இருந்தது.

கேபிளை மாட்டினேன். விளக்கை அணைத்தேன். வாட்ச்மேனிடம் சாவியைக் கொடுத்தபோது, "என்னம்மா, முகமெல்லாம் வீங்கியிருக்கு?" என்றார். தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

ஒன்பதாவது நாள், திங்கட்கிழமை, முதலாளி வந்து சொன்னார். கமெண்ட் அண்ணன் வெள்ளிக்கிழமை தவறிவிட்டாராம். எல்லோரும் சாயங்காலம் ஒன்றாகப் போனார்கள். எனக்குத் தைரியம் வரவில்லை. மறுநாள் காலையில் தனியாகப் போனேன்.

அண்ணிதான் கதவைத் திறந்தார். அண்ணனின் மனைவியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். ஆபீஸ் விருந்துகளில் பார்த்திருக்கிறேன், வாயாடி, எல்லோரையும் கலாய்ப்பார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ வரலையேன்னு நெனச்சேன். உன்னைப் பத்தி நல்லாப் பேசுவாரும்மா."

ஹாலில் ஒரு கட்டில். படுக்கையைச் சுருட்டாமல் அப்படியே வைத்திருந்தார்கள். தலைமாட்டில் ஒரு நோட்டு. மருந்து கொடுக்கும் நேரமெல்லாம் அண்ணி அதில் எழுதுவாராம். நான் கேட்காமலே அவர் பேசினார்.

வேலை போனதிலிருந்து ஒரே கேள்வியாம். 'நான் மாத்தினேனா?' காலையில் எழுந்தால் அது, சாப்பிடும்போது அது. மூன்று டாக்டர் பார்த்தார்கள். எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். மறதி நோய் எதுவும் இல்லை என்று எழுதியே கொடுத்தார்கள். அவர் நம்பவில்லை. 'திரையில என் பேர் இருந்துச்சே' என்பாராம். கடைசி ஒரு மாதம் பேச்சையே நிறுத்திவிட்டார். கட்டிலைவிட்டு எழவில்லை. படுத்தபடியே கட்டைவிரலால் கட்டில் சட்டத்தைக் குத்திக்கொண்டே இருப்பாராம்.

எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

"அவர் போறதுக்கு முந்தின சனிக்கிழமை ஒரு அதிசயம் நடந்துச்சும்மா" என்றார் அண்ணி. நோட்டைத் திருப்பினார். "இதோ, நேரம்கூட எழுதி வெச்சிருக்கேன். மூணு அம்பத்திரண்டு. திடீர்னு எழுந்து உக்காந்தார். ஒரு மாசமா வாய் தெறக்காத மனுஷன், 'பாத்தியா, நான் இல்ல! எனக்கு மறதி இல்ல!'ன்னு சிரிக்கிறார். எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. 'திங்கக்கிழமை ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்சுடும், நான் போய் எல்லாரையும் பாக்கணும், வெள்ளைச் சட்டையைத் தேய்ச்சு வை'ன்னார். தானே நடந்து போய் மொகத்துக்கு சோப்பு போட்டு ஷேவ் பண்ண ஆரம்பிச்சார். நான் சட்டையைத் தேய்ச்சுக்கிட்டே அழறேன், சிரிக்கிறேன்..."

நிறுத்தினார். நோட்டில் அடுத்த வரியை விரலால் தொட்டார்.

"நாலு பத்துக்குக் கண்ணாடி முன்னால நின்னவர் அப்படியே நின்னுட்டார். பாதிக் கன்னத்துல நுரை. 'என்னங்க?'ன்னேன். 'அந்தப் பொண்ணு அழிச்சுடுச்சு'ன்னார். அவ்ளோதான். மொகத்தைக்கூடத் தொடைக்கலை. வந்து சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தார். சோறு இல்ல, தண்ணி இல்ல. வெள்ளிக்கிழமை வரைக்கும் திரும்பவே இல்ல."

நான் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். 3:52. 4:10. நீல மையில் அண்ணியின் கையெழுத்து.

"யாரும்மா அந்தப் பொண்ணு? உனக்குத் தெரியுமா? நான் சண்டைக்கெல்லாம் போக மாட்டேன். அவ எதை அழிச்சான்னு மட்டும் தெரிஞ்சா போதும் எனக்கு."

என் கை இன்னும் அவர் கைக்குள்தான் இருந்தது. சூடாக இருந்தது.

"தெரியலையே அண்ணி" என்றேன்.